கல்வராயன் மலை: ஊர்க்காரர் முன்னே, நாம் பின்னே

கல்வராயன் மலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அருவியில் குளிக்கத்தான் போகிறார்கள். காலையில் ஏறி, பெரியார் நீர்வீழ்ச்சியில் நனைந்து, கரியாலூரில் படகு விட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தார்ச்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனாலே சாமைக் காடும் மரவள்ளிக் கொல்லையும் மண்சுவர் வீடுகளும் வந்துவிடுகின்றன. அந்த வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு இரவாவது மேலே தங்க வேண்டும். அந்த மண்ணில் பிறந்த ஒருவர் முன்னே நடக்க, நாம் பின்னே நடக்க வேண்டும். இந்த அத்தியாயம் அப்படிப் போக நினைப்பவர்களுக்கு.

முதலில் மலையின் கிடப்பு. கிழக்குத் தொடர்ச்சி மலையில் தெற்கே பச்சைமலைக்கும் மேற்கே சேர்வராயனுக்கும் வடக்கே ஜவ்வாது மலைக்கும் நடுவில் இருக்கிறது கல்வராயன். ஏறக்குறைய 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பு. வடபாகம் சின்ன கல்வராயன், சராசரி உயரம் 2,700 அடி. தென்பாகம் பெரிய கல்வராயன், 4,000 அடியைத் தொடுகிறது. கிழக்குப் பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் மேற்குப் பக்கம் சேலம் மாவட்டத்திலும் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அதனால் பழைய புத்தகங்களில் இந்த மலை விழுப்புரம் கணக்கிலும், இன்னும் பழையவற்றில் தென்னார்க்காடு கணக்கிலும் இருக்கும். மலைமேல் வட்டத் தலைமையிடம் வெள்ளிமலை. கோமுகி, மணிமுக்தா, வசிஷ்ட நதி மூன்றும் இங்கே பிறந்து, இறங்கி, வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கின்றன.

வழிகாட்டி ஏன் வேண்டும்

குதிரையேறி மலைநாடு சுற்றும் பயணங்களைப் படித்துவிட்டு அதே ஆசையோடு விசாரிப்பவர்கள் உண்டு. ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் மட்டக்குதிரை கிடைக்கும். கல்வராயனில் வாடகைக் குதிரை தேட வேண்டாம். இங்கே நடைதான். ஆனால் அந்தப் பயணங்களில் மிகவும் பெயர்பெற்ற ஒன்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவின் தென்மேற்கில் நவஹோ பழங்குடியினரின் நாடு தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல் பரப்புள்ளது. செம்மண் பாலையில் கற்கோபுரங்கள் எழுந்து நிற்கும் மானுமென்ட் வேலி அங்கேதான் இருக்கிறது. 1958இல் நவஹோ மக்களின் சொந்த ஆட்சிமன்றமே அதைப் பழங்குடிப் பூங்காவாக அறிவித்தது. பொதுச்சாலை வழியாக 27 கிலோமீட்டர் சுற்றுவரை யாரும் தம் வண்டியில் போகலாம். அதைத் தாண்டி உள்ளே போக, குதிரையிலோ ஜீப்பிலோ, நவஹோ வழிகாட்டி இல்லாமல் முடியாது. அதே நவஹோ நாட்டிலுள்ள கான்யன் டி ஷே பள்ளத்தாக்கிலும் அப்படியே. அங்கே இன்றும் குடும்பங்கள் ஆடு மேய்த்து, மக்காச்சோளம் விதைத்து வாழ்கின்றன. அவர்கள் வீட்டைப் படமெடுக்கவும் கேட்க வேண்டும். 1864இல் அமெரிக்கப் படை அந்த மக்களை நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து வெளியேற்றியது; 1868 ஒப்பந்தத்தோடுதான் அவர்கள் திரும்பி வந்தார்கள். மண்ணை இழந்து மீண்டவர்களாதலால், யார் எதுவரை வரலாம் என்பதைத் தாங்களே சொல்கிறார்கள்.

கல்வராயனில் அப்படி எழுதப்பட்ட விதி இல்லை. அதை நாமே நமக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். எந்த ஊர்க் காட்டில் நடக்கப்போகிறீர்களோ அந்த ஊர்க்காரரையே கூட்டிப் போங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்தோ சேலத்திலிருந்தோ ஆள் பிடித்து வந்தால் பாதை தெரிந்திருக்கலாம். எந்த மரத்தடி சாமி இருக்குமிடம், எந்த வரப்பில் நேற்றுத்தான் விதைத்தார்கள், எந்த ஓடையில் மேலே பெய்த மழை எப்போது வந்து சேரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரியாத ஆளோடு வரும் கூட்டத்தை ஊரும் வேற்று ஆளாகத்தான் பார்க்கும்.

ஆளைத் தேடுவது கடினமில்லை. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு போன்ற ஊர்களில் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து, எங்கே போக விருப்பம் என்று சொன்னாலே பேச்சு தொடங்கிவிடும். சிற்றூராக இருந்தால் முதலில் ஊர்க்கவுண்டரைப் பார்த்து, யார், எதற்கு வந்தோம் என்று சொல்லிவிடுங்கள். அவர் கைகாட்டும் ஆளோடு போனால் ஊரே உங்களுக்குப் பொறுப்பேற்ற மாதிரி. பெண்கள் தனியாக வந்திருந்தால் காடு தெரிந்த பெண்மணி ஒருவரையும் துணைக்குக் கேளுங்கள். கடுக்காயும் புளியும் பொறுக்கக் காட்டுக்குள் நாள்தோறும் போய்வருகிறவர்கள் அவர்கள்.

கூலியைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். "பார்த்துப் போட்டுக் குடுங்க" என்று அவர் சொல்வார், அது கூச்சம். நீங்கள் தொகையைச் சொல்லுங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் வைத்த நாள் ஊதியம் 336 ரூபாய். மண் வேலைக்கே அது என்றால், நம் உயிரைக் கையில் பிடித்துக் கூட்டிப்போகிறவருக்கு அதைப்போல மூன்று மடங்காவது கொடுப்பதுதான் முறை. சாப்பாடு தனி. பணத்தை அவர் கையில் நேராகக் கொடுங்கள், நடுவில் ஆள் வேண்டாம்.

அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "அண்ணே, மேகம் அருவிக்குப் போலாமா?" என்று கேட்பீர்கள். வானத்தைக்கூடப் பார்க்காமல், "நேத்து ராத்திரி மேல மழைங்க, இன்னிக்கி வேணாம்" என்பார். தலைக்குமேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஓடைகளில் மேலே பெய்த மழை கீழே தெளிந்த வெயிலில் வந்து அடித்துக்கொண்டு போகும்.

மலையில் இருப்பவர்கள்

மலைமேல் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். தாய்மொழி தமிழ், கேரளத்தோடு தொடர்பில்லை. அட்டவணைப் பழங்குடியினர் பட்டியலில் இருக்கும் பெயரும் அதுவே. கவுண்டர் என்பது இவர்கள் பெயரோடு வரும் பட்டம். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவரின் வழிவந்தவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்வார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவரும் ஆளுக்கொரு மலையாகக் குடியேறினார்களாம். யார் எந்த மலைக்குப் போனார் என்பது மலைக்கு மலை மாறும். ஒரு ஊரில் கேட்டதை அடுத்த ஊரில் சொல்லித் திருத்தப் பார்க்காதீர்கள். அவரவர் கதையை அவரவர் வாயால் கேட்பதுதான் அழகு.

வயதானவர்கள் ஜாகீர் காலத்தைப் பற்றிப் பேசினால் காது கொடுங்கள். இந்த மலையின் வரலாற்றில் அதைவிடப் பெரிய செய்தி இல்லை. தென்னார்க்காடு பக்கத்து மலையைச் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டுவந்தார்கள். நாடு 1947இல் விடுதலை பெற்ற பிறகும், சமவெளியில் ஜமீன் ஒழிந்த பிறகும், இந்த மலையில் அந்த ஆட்சி நீடித்தது. 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில்தான் அது முடிவுக்கு வந்து, மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, வாக்குச்சாவடி எல்லாமே மற்ற இடங்களுக்கு ஒரு தலைமுறை பிந்தித்தான் இங்கே வந்தன. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மக்களின் நிலை குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. கரடுமுரடான பாதையைப் பார்த்து முகம் சுளிக்கத் தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாராயத்தைப் பற்றி மலையில் விசாரிக்காதீர்கள். வேடிக்கைக்காகக்கூட வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிரைக் குடித்தது ஆலைகளில் புழங்கும் மெத்தனால். ஆனால் சாராயம் என்றாலே பேச்சு கல்வராயன் மலைக்குத்தான் வந்து நிற்கிறது. அந்தப் பழியைச் சுமக்கிறவர்களிடம் போய், "இங்கே நல்லா கிடைக்குமாமே" என்று கேட்பது அவர்களைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம். பாட்டிலோடு மலையேறுவதும் அப்படியே. நவஹோ நாட்டில் சில இடங்கள் தவிர மது விற்பனைக்கும் குடிக்கும் தடை இருக்கிறது. விருந்தாளிகளும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் சுற்றிவிட்டு வருகிறார்கள், நமக்கும் முடியும்.

காட்டிலும் களத்திலும்

கல்வராயனில் எனக்கு மிகவும் பிடித்த காலம் தை, மாசி. கடுக்காய் காயும் காலம் அது. மலையின் காட்டு விளைபொருள்களில் கடுக்காய்க்குத்தான் முதலிடம். பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம் கொள்முதல் செய்கிறது. தோல் பதனிடவும் சித்த மருந்துக்கும் போகிறது. திரிபலாவில் ஒரு பங்கு இதுதான்.

வீட்டு வாசலில் காயப்போட்டிருக்கும் குவியலின் அருகே உட்கார்ந்து பாருங்கள். மரத்திலிருந்து விழுந்த புதிதில் காய் மஞ்சள் கலந்த பச்சை, வழவழப்பாக இருக்கும். வெயில் ஏற ஏறத் தோல் சுருங்கி, நீளவாக்கில் ஐந்து வரி எழும்பி, பழுப்பாகும். நன்றாகக் காய்ந்ததா என்று பார்க்க அந்த வீட்டு ஆயா கை நிறைய அள்ளிக் குலுக்குவார். ஈரம் இருந்தால் மொத்தையான ஓசை. காய்ந்திருந்தால் கூழாங்கல் போலக் கலகலக்கும். ஒன்றை உடைத்து, கொட்டையை எறிந்துவிட்டு, தோலை மட்டும் உங்கள் கையில் வைப்பார். வாயில் போட்டால் முதலில் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடித்துப் பாருங்கள், தண்ணீர் இனிக்கும். அதுவரை அவர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

வாங்க விரும்பினால் அங்கேயே வாங்குங்கள். தேன், புளி, சாமை, கடுக்காய் எதுவானாலும் சரி. கேட்ட விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அதே கடுக்காய் நாட்டு மருந்துக்கடையில் என்ன விலைக்கு விற்கிறது என்று நமக்குத் தெரியும்.

சாமைக்கு வேலை அதிகம். ஆடியை ஒட்டி மழை பார்த்து விதைத்தால், அறுத்து, களத்தில் மிதித்து, தூற்றி எடுக்கவே பாடு. அதற்குப்பின் உமி நீக்க வேண்டும். மணி கடுகைவிடச் சற்றுப் பெரிது, உமியோ மணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது அரவை இயந்திரம் வந்துவிட்டது. இயந்திரம் இல்லாத ஊரில் உரலில் குத்திப் புடைப்பதை இன்றும் பார்க்கலாம். ஒரு வேளைச் சோற்றுக்கு எத்தனை உலக்கைக் குத்து என்று பார்த்துவிட்டு வந்தவர் தட்டில் சோறு மிச்சம் வைக்க மாட்டார். மலைமேல் சாப்பாட்டுக்குச் சொல்லிவைக்கும்போது சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும், அல்லது கேழ்வரகுக் களியும் கீரையும் என்றே கேளுங்கள். அரிசிச் சோறும் சாம்பாரும் வேண்டுமென்று கேட்டால் பாவம், உங்களுக்காகக் கடைக்கு ஓடுவார்கள்.

மரவள்ளி இங்கே பணப்பயிர். லாரியில் ஏறி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கொல்லை நடுவே குறுக்குவழி தெரிந்தாலும் வழிகாட்டி சுற்றிப் போனால் நீங்களும் சுற்றியே போங்கள். நில உரிமை இங்கே இன்னும் நோகும் விஷயம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பட்டா கிடைத்தவர்களும், மனு கொடுத்துக் காத்திருப்பவர்களும் பக்கத்துப் பக்கத்துக் கொல்லையில் இருப்பார்கள். "இது பட்டா நிலமா, காட்டு நிலமா?" என்று குறிப்பேடும் கையுமாகக் கேட்டால் உங்களை அதிகாரி என்றே நினைப்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

வாசலும் கோயிலும்

வீட்டுக்குள் நீங்களாக நுழையாதீர்கள். திண்ணையில் உட்காரச் சொன்னால் அதுவே மரியாதை. செருப்பை வாசலுக்கு வெளியே விடுங்கள். கோயில் எல்லை எங்கே தொடங்குகிறது என்பது வழிகாட்டிக்குத்தான் தெரியும். மதில் இருக்காது, கோபுரம் இருக்காது. ஒரு மரமும் நாலு கல்லும் இருந்தாலே கோயில்தான். அவர் செருப்பைக் கழற்றினால் நீங்களும் கழற்றுங்கள். கல்வராயன் மலையாளிகளுக்கு முதன்மையான தெய்வம் கரியராமர். மாரியும் காளியும் ஊர்தோறும் உண்டு. திருவிழா நாளில் போக வாய்த்தால் கூட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள். சாமி வந்து ஆடுகிறவரை நோக்கிச் செல்பேசியைத் தூக்காதீர்கள். பொங்கலை ஒட்டி நடக்கும் எருதாட்டம் பார்க்க வேண்டிய ஒன்று, அங்கேயும் ஊர்க்காரர் காட்டிய இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

படமெடுக்கும் முன் கேளுங்கள். கேட்பதென்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டே தலையாட்டுவதல்ல. கீழே வைத்துவிட்டுப் பேசுவது. குழந்தைகளுக்கு மிட்டாயும் பணமும் கொடுக்க வேண்டாம். ஏதாவது செய்யத் தோன்றினால் அங்குள்ள உண்டு உறைவிடப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து என்ன தேவை என்று கேளுங்கள். எடுத்த படங்களை அச்சிட்டு வழிகாட்டியின் முகவரிக்கு அனுப்புங்கள். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாதவர்களை ஊர் மறப்பதில்லை.

எப்போது, எப்படி

நடைக்கு ஏற்றது மார்கழி முதல் மாசித் தொடக்கம் வரை. ஐப்பசி, கார்த்திகையில் அருவிகள் நிறைந்திருக்கும், ஆனால் மலைச்சாலையில் மண் சரியலாம், அருவிப் பக்கம் போக வனத்துறை தடை விதிக்கும். அந்தத் தடையை மீற வழி காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம். அப்போது காட்டுக்குள் மலையேற்றம் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. காப்புக்காட்டுக்குள் எந்தக் காலத்தில் போவதானாலும் வனத்துறை அனுமதி வேண்டும். ஊரிலிருந்து ஊருக்கு மக்கள் நடக்கும் வழியில் போவது வேறு, காப்புக்காட்டுக்குள் நுழைவது வேறு. எது எது என்று வனச்சரக அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்யலாம். பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். முதல் பட்டியலில் இருந்த பாதைகளில் இங்கிருந்து பக்கம் சேலம் மாவட்டத்து மலைகள். கல்வராயனுக்கு வருமுன் ஏற்காட்டுப் பக்கம் ஒரு பாதை நடந்து பழகிக்கொள்வது நல்லது.

சாமான் அதிகம் வேண்டாம். பிடிப்புள்ள செருப்போ ஷூவோ, தொப்பி, மழைச்சட்டை, டார்ச், இரவுக்குப் போர்வை. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். நெகிழிப்பை வேண்டாம். செல்பேசிக்குப் பல இடங்களில் தொடர்பு கிடைக்காது. அதனால் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பணத்தையும் பெட்ரோலையும் கள்ளக்குறிச்சியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கி வந்து 108ஐ அழையுங்கள். பெரிய மருத்துவமனை கீழே சிறுவங்கூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

ரயிலில் வருகிறவர்களுக்குச் சின்னசேலம், பேருந்தில் வருகிறவர்களுக்குக் கள்ளக்குறிச்சி. அங்கிருந்து கச்சிராயபாளையம் தாண்டினால் மலையடிவாரத்தில் கோமுகி அணை. அணையில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு ஏறுங்கள். மேலே நீங்கள் பார்க்கப்போகும் ஓடைகளின் தண்ணீர்தான் அது. மலைச்சாலை பெரியார் நீர்வீழ்ச்சி, கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்குப் போகிறது. முதல் நாள் அத்தோடு போதும். இரண்டாம் நாள் முழுவதும் வழிகாட்டியோடு நடை. அருவி ஒன்றுக்குமேல் திட்டம் போடாதீர்கள், ஊர்களுக்கு நேரம் வேண்டும். மூன்றாம் நாள் வந்த வழியே இறங்காமல் மேற்கே கருமந்துறைக்குப் போங்கள். அங்கே அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது, பழக்கன்று வாங்கலாம். கருமந்துறையிலிருந்து தும்பல் வழியாக இறங்கினால் ஆத்தூர்ச் சாலை. நேரம் மிச்சமிருந்தால் ஆத்தூருக்குப் பக்கத்தில் முட்டல் ஏரியும் ஆனைவாரி அருவியும் பார்க்கலாம். மலைமேல் மாலைப் பேருந்து குறைவு. வெள்ளிமலையிலிருந்து கருமந்துறைப் பக்கம் போகும் வண்டி எத்தனை மணிக்கு என்பதை முதல் நாளே வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை வண்டியானால் முந்தின இரவே அவர் கூலியைக் கணக்குத் தீர்த்துவிடுங்கள்.